சர்க்கரை கட்டிய வீடு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பார்க் தெரு கடும் ஏற்றம். மூச்சிரைக்க ஏறும்போது இடப்பக்கம் பிரிகிற கிரேட் ஜார்ஜ் தெருவில் 7ஆம் எண் வீடு நிற்கிறது. வெளிர்ந்த தேன் நிறக் கல்முகப்பு. வரிசை பிசகாத ஜன்னல்கள். அளவோடு செதுக்கிய வாசல். இதுதான் ஆடம்பரம் என்று விரல் நீட்டிக் காட்ட முகப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் 1788இல் தொடங்கி 1791இல் முடிந்த இந்த வீடு, அக்காலப் பிரிஸ்டலின் பெருஞ்செல்வர்களில் ஒருவருடையது. உரிமையாளர் பெயர் ஜான் பின்னி. கரீபியக் கடலில் உள்ள நெவிஸ் தீவில் கரும்புத் தோட்டமும், பிரிஸ்டலில் சர்க்கரை வணிகமும் அவருக்கு இருந்தன. இன்று இந்த வீடு 'ஜார்ஜியன் ஹவுஸ்' என்ற பெயரில் நகரத்தின் அருங்காட்சியகமாக இருக்கிறது.

பிற்கால ஜார்ஜியக் கட்டடக்கலையை விளக்க வருகிறவர்கள் முகப்பின் அளவு நேர்த்தியில் தொடங்கி, கூடத்தின் சுதை வேலைப்பாட்டில் முடித்துவிடுவது வழக்கம். அந்த அழகு உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த வீட்டின் முக்கியமான கலை வேறொன்று என்று நினைக்கிறேன். உழைப்பைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதபடி ஒதுக்கிவைக்கும் கலை அது. அறைகளை அடுக்கிய முறையிலேயே அது தெரிகிறது. அதே கலையைத்தான் பின்னி கடல் கடந்து தன் தோட்டத்திலும் கையாண்டார்.

முதலில் பாணியைப் பற்றி. 1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை அடுத்தடுத்து ஆண்ட நான்கு அரசர்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அதனால் அந்தக் காலத்துக் கட்டடங்களை ஜார்ஜியன் என்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வகுத்த அளவு விகிதங்களே இதன் அடிப்படை. நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு வரும்போது பாணி மெலிந்து, நுணுகிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் ஆடம் பழைய ரோமானிய இடிபாடுகளை நேரில் அளந்துவந்து, கனத்த அலங்காரங்களுக்குப் பதிலாகத் தட்டையான, மெல்லிய சுதை மாலைகளையும் வட்டங்களையும் பரப்பினார். பின்னியின் வீட்டை வடிவமைத்த வில்லியம் பேட்டி, பிரிஸ்டலில் கொத்தனார்களாகவும் கட்டடக் கலைஞர்களாகவும் பெயர்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர். லண்டன் ராயல் அகாடமியில் பயின்ற அவர், புதிய பாணியை ஊருக்குக் கொண்டுவந்தார். அவருடைய தந்தை தாமஸ் பேட்டிக்குப் பார்க் தெருவின் உருவாக்கத்திலேயே பங்கு உண்டு.

முகப்புக் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. இது பாத் நகரத்துச் சுண்ணாம்புக் கல். பூமியிலிருந்து எடுத்தவுடன் மரம்போல ரம்பத்தால் அறுக்கலாம். காற்றுப் பட்ட பிறகு இறுகிவிடும். எந்தத் திசையிலும் பிளவுபடாமல் செதுக்க முடிவதால் கொத்தனார்களுக்குப் பிடித்தமான கல். 1727இல் ஏவன் ஆறு பாத் வரைக்கும் படகுப் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டபின், இந்தக் கல் பிரிஸ்டலுக்கு நீர்வழியாக மலிவாக வந்து இறங்கியது. அதிலும் சிக்கனம் பார்த்தார்கள். தெருவைப் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் இழைத்த கல், பின்புறத்துக்குச் சாதாரணக் கல் என்பதுதான் அந்நாளைய வீடுகளில் பொதுவான வழக்கம். ஊர் பார்க்கும் முகம் வேறு, வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் உரிய முகம் வேறு.

ஜன்னல்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அவை கதவுபோலத் திறப்பவை அல்ல. இரண்டு சட்டங்கள் ஒன்றன்முன் ஒன்றாக மேலும் கீழும் நகரும். சட்டத்தின் இரு பக்கமும் கயிறு. கயிறு ஒரு கப்பியின் மேல் ஏறி, சுவருக்குள் இருக்கும் மரப்பெட்டிக்குள் இறங்குகிறது. அதன் நுனியில் ஓர் உலோகக் குண்டு தொங்குகிறது. குண்டின் எடையும் சட்டத்தின் எடையும் சமமாக இருப்பதால், ஆள் உயர ஜன்னலையும் இரண்டு விரலால் தூக்கிவிடலாம். விட்ட இடத்தில் நிற்கும். பாரத்தைச் சுமக்கிற குண்டு வெளியே தெரிவதே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணாடிகளைப் பிடிக்கும் மரச்சட்டங்கள் கட்டைவிரலைவிடத் தடிமனாக இருந்தன. நூற்றாண்டு முடிவதற்குள் தச்சர்கள் அவற்றை ஏறக்குறைய அரை அங்குலமாக இழைத்துவிட்டார்கள். கண்ணாடியை ஊதிச் சுழற்றி வட்டத் தட்டாக்கி, அதிலிருந்து சிறு சில்லுகளை வெட்டி எடுத்தார்கள். ஆகவே எந்தச் சில்லும் முழுச் சமதளம் அல்ல. மாலை வெயில் பட்டால் ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் மின்னும். பழைய கண்ணாடி மிஞ்சியிருக்கும் ஜார்ஜிய வீட்டை அடையாளம் காண இந்த மினுக்கே போதும்.

இவ்வளவு ஜன்னல் வைப்பதே வசதியைக் காட்டும் செயல். 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் ஜன்னல் எண்ணிக்கையைப் பார்த்து வரி விதித்தார்கள். கண்ணாடிக்கும் 1745 முதல் தனியாகத் தீர்வை. ஏழைகள் குடியிருந்த வீடுகளில் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பணக்காரர்கள் வெளிச்சத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். நகரக் கட்டடங்களின் உயரம், சுவர்த் தடிமன், மர வேலையைச் சுவருக்குள் பதிப்பது முதலியவற்றை லண்டனில் 1774ஆம் ஆண்டுச் சட்டம் முறைப்படுத்தியது. தீவிபத்தைத் தடுக்க வந்த விதிகள்தான். அவற்றின் விளைவாக வந்த ஒழுங்கும் தட்டையான முகப்பும் மற்ற நகரங்களிலும் நாகரிகமாகப் பரவின.

உள்ளே தளங்கள் அடுக்கப்பட்டிருப்பதில் ஒரு தீர்மானம் தெரிகிறது. தரைத்தளத்தில் உணவறையும் காலைச் சிற்றுண்டி அறையும் எஜமானரின் எழுத்தறையும். முதல் மாடியில் வரவேற்புக் கூடமும் நூலக அறையும். வீட்டிலேயே உயரமான விதானம், உயரமான ஜன்னல்கள் இந்தத் தளத்துக்குத்தான். விருந்தினர் ஏறிவரும் படிக்கட்டும் அதற்கேற்ற அகலம். இரண்டாம் மாடியில் படுக்கையறைகள். மேலே போகப் போக ஜன்னல் குட்டையாகும். உச்சியில், கூரைச் சரிவுக்கு அடியில் வேலையாட்கள் உறங்கினார்கள். தெரு மட்டத்துக்குக் கீழே அடித்தளம். அங்கே சமையலறையும், சலவையறையும், வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்மணியின் அறையும் இருந்தன. வேலை செய்பவர்கள் வாழ்ந்தது வீட்டின் இரு முனைகளில்: ஒன்று மண்ணுக்குக் கீழே, இன்னொன்று ஓட்டுக்குக் கீழே. நடுவில் இருந்த தளங்கள் அவர்களுடைய கால்களால் ஓடின. வெந்நீரும் நிலக்கரியும் மேலே போயின. சாம்பலும் அழுக்குநீரும் கீழே வந்தன. அக்காலத்தின் புதுமைகளில் ஒன்று கம்பி மணி. கூடத்தில் கைப்பிடியை இழுத்தால், சுவருக்குள் ஓடும் கம்பி வழியாகக் கீழ்த்தளத்தில் மணி அடிக்கும். கூப்பிடும் தொலைவில் ஓர் ஆளை நிறுத்திவைக்க வேண்டிய அவசியம் போயிற்று. பேச்சு அவர்கள் காதில் விழாது. அவர்கள் இருப்பதும் கண்ணில் படாது.

அடித்தளத்தில் பார்வையாளர்களை நிறுத்திவிடும் பொருள் ஒன்று இருக்கிறது: கல் பதித்த குளிர்நீர்த் தொட்டி. ஆழமாக, இருண்ட அறையில், படி இறங்கி முங்கி எழுவதற்காகக் கட்டியது. குளிர்ந்த நீரில் முழுகுவது நரம்புக்கும் இரத்தத்துக்கும் நல்லது என்று அந்நாளைய மருத்துவர்கள் வலியுறுத்தினார்கள். பின்னி அதில் நம்பிக்கை வைத்தவர். வெப்பத் தீவில் 20 ஆண்டுகள்வரை கழித்துவிட்டு வந்த மனிதர், இங்கிலாந்தின் குளிரில் தண்ணீருக்குள் இறங்குவதற்கென்றே தன் புது வீட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறார்.

அந்த 20 ஆண்டுகளுக்கு வருவோம். 1740இல் பிறந்த அவருடைய குடும்பப் பெயர் முதலில் பிரெட்டர். பின்னி குடும்பத்து உறவினர் ஒருவரின் சொத்து வந்து சேர்ந்தபோது பெயரையும் மாற்றிக்கொண்டார். 1764 இறுதியில் நெவிஸுக்குக் கப்பலேறினார். சொத்து என்பது மவுண்ட்ராவர்ஸ் என்ற தோட்டம். போய்ச் சேர்ந்த சில மாதங்களில், மனித உடல்கள் விலைக்கு நிறுத்தப்பட்டிருந்ததைக் கண்டு முதலில் அதிர்ந்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த வரியிலேயே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்: இவர்களைக் கடவுள் நம் பயனுக்காகவே ஏற்படுத்தியிருக்க வேண்டும், அப்படி இல்லையென்றால் ஏதாவது ஓர் அடையாளத்தால் தன் சித்தத்தைக் காட்டியிருப்பார் என்பது அவருடைய வாதம். அந்த அதிர்ச்சி ஒரு வாக்கியத்துக்குமேல் நீடிக்கவில்லை. இந்த வீட்டைப் பற்றி எத்தனை படித்தாலும் எனக்கு அந்த வாக்கியத்திலிருந்து விலக முடிவதில்லை.

1765இல் அவர் வாங்கியவர்களில் பெரோ என்ற சிறுவனும் ஒருவன். வயது 12. கூடவே அவனுடைய தங்கைகள் நான்சி, ஷீபா. அவர்களுக்கு வயது 6. பெரோ வளர்ந்து பின்னியின் அணுக்கப் பணியாள் ஆனார். 1783இல் பின்னி குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பியபோது பெரோவும் உடன்வந்தார். தங்கைகள் தீவில் இருந்தார்கள். அதே கப்பலில் வந்த இன்னொருவர் பான்னி கோக்கர். 1767இல் தோட்டத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். 1778இல், 11 வயதில் பின்னி அவரை விடுதலை செய்திருந்தார். ஆகவே கிரேட் ஜார்ஜ் தெருவின் புது வீட்டில், ஒரே கூரையின் கீழ், சுதந்திரமான ஒரு கறுப்பினப் பெண் சம்பளத்துக்கு வேலை செய்தார். பெரோவோ விடுதலைப் பத்திரம் எதுவும் இல்லாமல் எஜமானருக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தார்.

சட்டம் இங்கே மங்கலாக இருந்தது. 1772இல் ஜேம்ஸ் சாமர்செட் வழக்கில் நீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபு, இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அடிமையை அவர் விருப்பத்துக்கு மாறாக நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தார். அடிமைத்தனமே செல்லாது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பலர் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். பெரோ 1790இலும் 1794இலும் பின்னியோடு நெவிஸுக்குப் போய்த் திரும்பினார். 1798இல் நோய்வாய்ப்பட்டபோது, நல்ல காற்றுக்காக நகருக்கு வெளியே ஆஷ்டனுக்கு அனுப்பப்பட்டு, அந்த ஆண்டே இறந்தார். அப்போது பின்னி எழுதிய கடிதத்தில், 32 ஆண்டுகளுக்கு மேல் தனக்குப் பணிவிடை செய்த ஆள் என்ற வருத்தமும், அண்மைக் காலத்தில் நடத்தை தான் விரும்பியபடி இல்லை என்ற குறையும் ஒன்றாகவே வருகின்றன. தங்கைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மனிதரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எழுதிவைக்க அந்த வீட்டில் யாரும் இல்லை.

பான்னி 1789இல் பிராட்மீட் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். நெவிஸில் இருந்த தாய்க்குப் பொருள்கள் அனுப்பிவந்தார். 1820இல் இறந்தார்.

வீட்டுக்குப் பணம் வந்த வழி தோட்டம் மட்டும் அல்ல. 1784 முதல் ஜேம்ஸ் டோபினோடு கூட்டாக நடத்திய வணிக நிறுவனத்தில், மற்றத் தோட்டக்காரர்களின் சர்க்கரையைத் தரகுக்கு விற்றுக் கொடுத்தார். அவர்களுக்குத் தோட்டத்தையும் அடிமைகளையும் ஈடாக வாங்கிக்கொண்டு கடனும் கொடுத்தார். விளைச்சல் பொய்த்தாலும் வட்டி பொய்க்காது. தரைத்தளத்து எழுத்தறைதான் இதற்கெல்லாம் மையம். அங்கே கடிதமாகவும் பேரேடாகவும் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இன்று பிரிஸ்டல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கூட்டாளி டோபின், அடிமை முறையை ஆதரித்து அச்சில் வெளிப்படையாக வாதாடியவர்.

ஊரும் அப்படித்தான் இருந்தது. 1698 முதல் 1807 வரை பிரிஸ்டலிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்கள் புறப்பட்டன. கருஞ்சர்க்கரையைச் சுத்திகரித்துக் கூம்பு வடிவக் கட்டியாக்கும் ஆலைகள் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய 20 இருந்தன. மாடிக் கூடத்தில் தேநீர் மேசைக்கு வந்தது அந்தக் கூம்பிலிருந்து இடுக்கியால் வெட்டிய துண்டுகள். மேசையின் மரமும் அதே கடல் வழியாக வந்தது. குடியேற்ற நாடுகளின் மரத்துக்குத் தீர்வை கிடையாது என்று 1721இல் சட்டம் வந்தபின், ஜமைக்காவின் மஹாகனி ஆங்கிலேய வீடுகளின் மேசையிலும் கதவிலும் புகுந்தது. அகலமான பலகை, ஆழ்ந்த நிறம், செதுக்கினால் கூர்மை மாறாத தன்மை. ஜார்ஜிய மரச்சாமான்களின் மெல்லிய கால்கள் சாத்தியமானது இந்த மரத்தால்தான்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1787 கோடையில் அடிமை வணிக ஒழிப்புக்காகப் போராடிய தாமஸ் கிளார்க்சன் பிரிஸ்டலுக்கு வந்து, செவன் ஸ்டார்ஸ் என்ற மதுக்கடையைத் தளமாக வைத்து, மாலுமிகளிடம் அடிமைக் கப்பல்களைப் பற்றி வாக்குமூலம் சேகரித்தார். அடுத்த ஆண்டு பின்னியின் வீட்டு வேலை தொடங்கியது. 1791 ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸின் அடிமை வணிக ஒழிப்பு மசோதா 163க்கு 88 என்ற வாக்கில் தோற்றது. பிரிஸ்டல் தேவாலய மணிகள் கொண்டாட்டமாக ஒலித்தன. அந்த ஆண்டுதான் வீடு முடிந்தது. ஒரு வகையில் அது கடைசி நல்ல நேரம். 1793இல் பிரான்சோடு போர் மூண்டதும் நகரின் கட்டுமான அலை சரிந்தது. கட்டுநர்கள் திவாலானார்கள். கிளிப்டன் குன்றில் ராயல் யார்க் வளைவு வீடுகள் ஆண்டுக்கணக்கில் அரைகுறையாக நின்றன.

1795 கோடையில் இந்த வீட்டில் சில வாரங்கள் தங்கிய விருந்தாளி ஒருவர் உண்டு: கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். பின்னியின் மகன்கள் அவருடைய நண்பர்கள். டோர்செட்டில் இருந்த ரேஸ்டவுன் மாளிகையை வாடகை இல்லாமல் அவருக்கும் தங்கை டோரதிக்கும் விட்டுக்கொடுத்தவர்கள் அவர்களே. வேர்ட்ஸ்வொர்த்தும் இன்னொரு கவிஞரான கோலரிட்ஜும் முதலில் சந்தித்தது இந்த வீட்டில்தான் என்று சொல்வார்கள். அந்த ஆண்டு ஜூனில் கோலரிட்ஜ் பிரிஸ்டல் துறைமுகத்தை ஒட்டிய காபிக் கடை ஒன்றில் அடிமை வணிகத்தை எதிர்த்துப் பேசியிருந்தார். அப்போது பெரோ உயிரோடு, இந்த வீட்டில் பணியில் இருந்தார்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கலைக்கு வருகிறேன். 1800 வாக்கில் டாம் வெட்ஜ்வுட் என்ற இளைஞர் உடல்நலத்துக்காக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகப் புறப்பட்டார். அவருடைய தந்தை, அடிமை வணிகத்தை எதிர்த்து, சங்கிலியோடு மண்டியிட்ட அடிமையின் உருவம் பொறித்த பதக்கத்தை 1787இல் வெளியிட்ட புகழ்பெற்ற மட்பாண்ட உற்பத்தியாளர். பின்னி உடனே நெவிஸில் இருந்த தன் மேலாளருக்கு எழுதினார். விருந்தாளியின் முன்னிலையில் எந்த அடிமையையும் தண்டிக்கக் கூடாது. சாட்டைச் சத்தம் அவர் காதில் விழும் தொலைவிலும் கூடாது. இங்கிலாந்தின் ஏழைகளைவிட இவர்கள் வசதியாக வாழ்கிறார்கள் என்று எடுத்துக்காட்ட வேண்டும். சாட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. சத்தத்தை நிறுத்தச் சொன்னார். சுவருக்குள் தொங்கும் ஜன்னல் குண்டு, கம்பி மணி, தெரு மட்டத்துக்குக் கீழே போன சமையலறை, இழைத்த கல் முகப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இந்தக் கடிதத்துக்கு வந்தால், அதை எழுதியவர் அந்த வீட்டில் வாழ்ந்தவர் என்பது விளங்கும்.

1808இல் பின்னி மவுண்ட்ராவர்ஸை எட்வர்ட் ஹக்கின்ஸ் என்ற தோட்டக்காரரிடம், அங்கிருந்த மனிதர்களோடு சேர்த்து விற்றுவிட்டார். 1810 ஜனவரியில் ஹக்கின்ஸ் அவர்களில் 20க்கும் மேற்பட்டவர்களை நெவிஸின் சார்ல்ஸ்டவுன் நகரச் சந்தைவெளியில் பகிரங்கமாகச் சாட்டையால் அடிக்க வைத்தார். வழக்கு நடந்தது, விடுதலை ஆனார். எட்டு ஆண்டுகள் கழித்துப் பின்னி இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து 3 லட்சம் பவுண்டுக்கு மேல். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியபோது இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அது அடிமைகளுக்கு அல்ல, உரிமையாளர்களுக்கு. பெற்றவர்களில் பின்னியின் மகன் சார்ல்ஸும் ஒருவர். 1831 கலவரத்தின்போது பிரிஸ்டல் மேயராக இருந்தவர் இவர்தான்.

1937இல் இந்த வீடு நகரத்துக்குக் கொடையாகக் கிடைத்தது. 1939இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அறைகளில் இன்று இருக்கும் மரச்சாமான்களில் பெரும்பாலானவை பின்னியுடையவை அல்ல, காலத்துக்குப் பொருத்தமாகச் சேர்த்தவை. வீட்டின் கட்டமைப்பும், படிக்கட்டும், அடித்தளத்துத் தொட்டியும் அசல். பல பத்தாண்டுகள் இது நேர்த்தியான ஒரு பழைய வீடாக மட்டுமே காட்டப்பட்டுவந்தது. இப்போது பின்னியின் தோட்டத்தையும் அடிமைகளையும் பற்றிய சிறு காட்சி மாடி அறை ஒன்றில் இருக்கிறது. போகிறவர்கள் அதை முதலில் பார்த்துவிட்டு மற்ற அறைகளுக்கு வருவது நல்லது என்பது என் எண்ணம். கூடத்தின் அழகு அதனால் குறையாது. அதைத் தாங்கி நிற்பது எது என்று தெரியும்.

ஏற்றத்தை இறங்கித் துறைமுகப் பக்கம் நடந்தால், 1999இல் திறந்த ஒரு நடைபாலம் நீரின் குறுக்கே இருக்கிறது. பெயர் பெரோ பாலம். அதன்மேல் இரண்டு பெரிய உலோகக் கொம்புகள் வானத்தை நோக்கி விரிந்து நிற்கின்றன. அவை வெறும் அலங்காரம் அல்ல. படகுகள் போக நடுப்பகுதி உயரும்போது எதிர் எடையாக வேலை செய்பவை. 2020 ஜூன் 7 அன்று அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் வெண்கலச் சிலையை மக்கள் இழுத்துவந்து தண்ணீரில் தள்ளியது அந்தப் பாலத்தின் அருகில்தான்.